பாதி வெளிச்சம்

— பட்டப்பகல்ல, இந்த வெயில்ல, எதுக்கு அண்ணே ஃபிளாஷ்? சூரியன் பத்தலையா உங்களுக்கு?

— வான்சாக்கோ கடற்கரைக்கு வர்ற எல்லாரும் கேக்குற கேள்வி. உக்காரும்மா அந்தப் பலகையில. கடலுக்கு முதுகு காட்டி உக்காரு. தொப்பியக் கழட்டாத, அழகாத்தான் இருக்கு. இப்ப உன் முகம் எனக்கு எப்படித் தெரியுது, சொல்லு?

— கேமரா உங்ககிட்ட இருக்கு. என்னைக் கேட்டா?

— அடுப்புல வெச்ச பானையோட அடி மாதிரித் தெரியுது. கோவிச்சுக்காத. தொப்பி நிழல்ல கண்ணு எது, மூக்கு எதுன்னு இல்ல. பின்னால கடல் மட்டும் பளபளங்குது. உச்சிச் சூரியன் தலையத்தான் பாக்கும், முகத்தைப் பாக்காது. முகத்தைப் பாக்குறதுக்குத்தான் இந்தச் சின்ன விளக்கு.

— அவ்வளவுதானா? போட்டா எரியும், படம் வந்துரும்?

— எங்க? இந்த வெயிலுக்கு ஷட்டர் வேகமா ஓடணும். இல்லன்னா படம் வெளுத்துப் போகும். வேகமா ஓடினா ஃபிளாஷ் காலை வாரிவிடும். அது பெரிய கதை, விடு. நாடியக் கொஞ்சம் இறக்கு. ம்.

— எப்படிக் காலை வாரும்?

— படம் பிடிக்க வந்தியா, பாடம் படிக்க வந்தியா?

— சொல்லப்போனா ரெண்டுக்கும்தான். அதுக்காகத்தான் த்ருஹியோவுலருந்து பஸ் ஏறி வந்தேன். நீங்க எவரிஸ்தோ அண்ணன்தானே? முன்னாடி பத்திரிகையில இருந்தவரு?

— இருந்தவன்தான். யாரு சொன்னா?

— படகுத்துறைகிட்ட ஐஸ் விக்கிறவரு. எவரிஸ்தோன்னு கேட்டேன், தெரியலன்னாரு. ஃபிளாஷ் வெச்சுப் படம் எடுக்குறவருன்னு சொன்னதும், ஓ, பாதி வெளிச்சமா, அந்தா குடைக்குக் கீழ இருக்கான்னு கை காட்டுனாரு.

— அந்தப் பேரு இந்தக் கடற்கரை வரைக்கும் வந்து சேந்துருச்சா. நல்லது. எந்தப் படத்தால அந்தப் பேரு வந்துச்சுன்னும் சொல்லியிருப்பானே?

— அத அவரு சொல்ல வேண்டியதில்ல அண்ணே. மரினேரா ஆட்டப் போட்டியில பியரினா ஜெயிச்ச வருஷம். முதல் பக்கத்துல பெரிசாப் போட்டிருந்தீங்க. பியரினா கைக்குட்டையத் தூக்கிக்கிட்டு, தீபம் மாதிரி சிரிச்சுக்கிட்டு நிக்குறா. அவ பக்கத்துல ஒருத்தி, தொப்பி மட்டும் தெரியுது, தொப்பிக்குக் கீழ வெறும் இருட்டு.

— தெரியும்மா. அந்த இருட்டைப் பத்தி ஊரே எனக்குப் பாடம் எடுத்துருச்சு. ஆசிரியர் கூப்பிட்டுக் கேட்டாரு, உனக்கு ஒரு கண்ணுதான் தெரியுமான்னு. சக போட்டோக்காரனுங்க என்னைக் கண்டா ஒரு கண்ணை மூடிக்குவானுங்க. நீயும் சிரிச்சிட்டுப் போ, பரவாயில்ல. ஆனா சிரிக்கிறப்ப கேமராவைப் பாத்துச் சிரி, படமாவது நல்லா வரும்.

— நான் சிரிக்க வரல. அந்த இருட்டுல நின்னவ நான்தான்.

— என்னது?

— நான்தான் அண்ணே. நெலிடா. பியரினாவோட பாவாடை தைச்சவ. அன்னிக்கு அவளுக்குத் தலையில பூ வெச்சுவிடப் போனேன். அவ என் தோளைப் பிடிச்சு இழுத்து நிறுத்தி, இந்தப் பாவாடையத் தைச்ச மகராசி இவதான், இவளையும் சேத்து எடுங்கன்னு சொன்னா. நீங்க பாட்டுக்கு அடிச்சுத் தள்ளிட்டீங்க.

— தொப்பியக் கொஞ்சம் தூக்கு.

— இப்பத்தான் கழட்டாதன்னீங்க.

— தூக்கும்மா. ஆமா. அந்தக் கண்ணுதான். நல்லா இருக்கியா தங்கச்சி?

— நல்லா இருக்கேன். உங்களாலதான் நல்லா இருக்கேன். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.

— என்னாலயா? உன்னைக் கரியாக்கி முதல் பக்கத்துல போட்டவன் நான்.

— அந்தக் கரிதான் அண்ணே என்னைக் காப்பாத்துச்சு. நான் வடக்க சுயானா ஊருலருந்து ஓடி வந்தவ. புருஷன் ராமிரோவுக்கு அங்க லாரி, மணல், கட்டடக் கான்ட்ராக்ட் எல்லாம் உண்டு. ஊருல அவன் சொன்னா மறுபேச்சு கிடையாது. வீட்டுல அதைவிட. அடிப்பான். அடிச்சிட்டு டாக்டரு ஃபீஸும் அவனே குடுப்பான், ரொம்ப நல்லவனாட்டம். ஒரு நாள் அவன் வெளியூரு போயிருந்தப்ப, அவன் தங்கச்சி எல்வாதான் எனக்கு பஸ் ஏத்திவிட்டா. கூடப் பொறந்தவளே அண்ணனைப் பாத்து நடுங்குவான்னா மத்ததை நீங்களே யோசிச்சுக்குங்க.

— தனியாவா வந்த?

— தனியா. ஒரு பை, ஒரு கத்திரிக்கோல். த்ருஹியோவுல யாரையும் தெரியாது. பியரினா வீட்டுல ஆட்டப் பாவாடைக்கு ஆள் தேடுறாங்கன்னு கேள்விப்பட்டு நின்னேன். அவளுக்கு என் பேரு தெரியும், மத்தது எதுவும் தெரியாது. பாவம், அவ பாசத்துலதான் என்னை இழுத்து நிறுத்துனா. நீங்க அடிச்ச ஒவ்வொரு ஃபிளாஷும் எனக்கு இங்க, நெஞ்சுக்குள்ள விழுந்துச்சு. நாளைக்குப் பேப்பரு. பேப்பரு சுயானாவுக்கும் போகும்.

— அப்பவே என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே.

— வந்தேன். உங்க பின்னாலயே ஓடி வந்தேன். பேண்டு வாத்தியக்காரங்க குறுக்க வந்துட்டாங்க. அப்புறம் ஜனம். நீங்க கேட்டைத் தாண்டிப் போறதைப் பாத்துக்கிட்டே நின்னேன்.

— கை ஆட்டுன. ஞாபகம் இருக்கு. படத்துக்கு ஒரு காப்பி கேக்குறன்னு நெனச்சேன்.

— மறுநாள் காலையில பேப்பர்கடைக்குப் போனேன். பையக் கட்டித் தோள்ல மாட்டிக்கிட்டுத்தான் போனேன். படத்துல முகம் இருந்தா அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடலாம்னு. எங்க போறதுன்னு யோசிக்கல. லீமாவோ, அதுக்கு அங்கிட்டோ. கடைக்காரரு பேப்பரைக் கிளிப்பு போட்டுக் கயித்துல தொங்கவிட்டிருந்தாரு. பாத்தேன். முகம் இல்ல. அங்கயே படிக்கட்டுல உக்காந்துட்டேன். கடைக்காரரு தண்ணி குடுத்தாரு. அழுறியா சிரிக்கிறியான்னு கேட்டாரு. எனக்கே தெரியல.

— அப்புறம்?

— பையத் தூக்கிக்கிட்டுத் திரும்பி வந்து தைக்க உக்காந்தேன். இன்னிக்கு எனக்குன்னு ஒரு கடை இருக்கு, மூணு மிஷின் ஓடுது. அன்னிக்கு அந்தப் படம் வேற மாதிரி வந்திருந்தா இதுல ஒண்ணும் கிடையாது. நீங்க என்னடான்னா, வெயில்ல உக்காந்து பாதி வெளிச்சம்னு பேரு வாங்கிட்டு இருக்கீங்க.

— இரு, வேர்க்குது. இந்தத் தண்ணியக் குடி. தங்கச்சி, உனக்கு நல்லது நடந்துச்சு, கேக்கவே சந்தோஷமா இருக்கு. ஆனா அதுக்கு எனக்கு நன்றி சொல்லாத. அது கேமரா பண்ணுன தப்பு.

— அதைத்தான் சொல்லுங்கன்னு கேக்குறேன். ஃபிளாஷ் எப்படிக் காலை வாரும்?

— விடமாட்ட போல. சரி, நீ துணிக்காரி, உனக்குப் புரியும். கேமராவுக்குள்ள ஷட்டர்னு ரெண்டு திரை இருக்கு. ஜன்னல் திரை மாதிரி. முதல் திரை விலகும், ரெண்டாவது பின்னாடியே வந்து மூடும். மெதுவா ஓடுறப்ப நடுவுல ஒரு கணம் ஜன்னல் முழுசாத் திறந்து கிடக்கும். அந்தக் கணத்துல ஃபிளாஷ் மின்னுச்சுன்னா வீடு பூரா வெளிச்சம்.

— சரி.

— வேகத்தைக் கூட்டு. முதல் திரை அந்தக் கோடிக்குப் போய்ச் சேரும் முன்னாடியே ரெண்டாவது திரை கிளம்பிடும். எந்த நேரத்துலயும் பாதி ஜன்னல்தான் திறந்திருக்கும். ஃபிளாஷோ ஒரே ஒரு மின்னல். பாதி வீட்டுல விழும், மீதிப் பாதிக்குக் கிடையாது. கேமராவை நெட்டுக்குத்தா பிடிச்சிருந்தேன், அதனால இருட்டு ஒரு பக்கமா விழுந்துச்சு. உன் பக்கம்.

— அப்போ வேகமா எடுக்கவே முடியாதா?

— முடியும். ஃபிளாஷ்ல அதுக்குன்னு ஒரு வழி இருக்கு. ஒரே மின்னலா அடிக்காம பொடிப்பொடியா, விடாம உதறிக்கிட்டே இருக்கும். திரை இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடிக்குப் போற வரைக்கும். நம்ம கண்ணுக்கு ஒரே மின்னலாத்தான் தெரியும்.

— தையல் மிஷின் ஊசி மாதிரி.

— அதேதான். கையால ஒரு குத்து குத்துறதுக்குப் பதிலா மிஷினை ஓட்டுற மாதிரி. ஆனா அந்தப் பொத்தானை நாமதான் போடணும். அது பழைய ஃபிளாஷ். அன்னிக்கு ஆட்டத்துக்கு நடுவுல பேட்டரி மாத்துனேன். மாத்துனா அது எல்லாத்தையும் மறந்து பழைய ஒத்தை மின்னலுக்குப் போயிடும். ஒரு கிளிக் ஆனதும்தான் கவனிச்சேன். உடனே சரி பண்ணிட்டேன். அவ்வளவுதான் விஷயம்.

— ஒரு கிளிக்.

— ஒண்ணே ஒண்ணு.

— மத்ததெல்லாம் சரியா வந்துச்சா?

— சிரி பாப்போம். வலது பக்கம் கொஞ்சம் திரும்பு.

— அண்ணே, பியரினா போன மாசம் கல்யாணம் பண்ணிக்கிட்டா. கல்யாண உடுப்புக்கு அளவெடுக்க அவ ரூமுக்குள்ள போனேன். அத்தனை வருஷம் அவ வீட்டுக்குப் போயிருக்கேன், அந்த ரூமுக்குள்ள போனதில்ல. சுவத்துல ஒரு படம் மாட்டியிருக்கு. அதே நாள். அதே இடம். அவளும் நானும். என் முகம் அப்படித் தெரியுது, இமை முடிய எண்ணலாம். யாரு குடுத்ததுடின்னு கேட்டேன். எவரிஸ்தோ சாருதான், பெட்டியில வெச்சுக் கையிலயே கொண்டுவந்து குடுத்தாரு, வீட்டுக்குள்ளயே வெச்சுக்க, யாருக்கும் அனுப்பாத, போன்ல ஏத்தாதன்னு சொன்னாருன்னா. ஏன் அப்படிச் சொன்னாருன்னு அவளுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

— அவ வாய் சும்மா இருக்காதே.

— நல்ல படம் கையில வெச்சுக்கிட்டு கெட்ட படத்தைக் குடுத்திருக்கீங்க.

— இரு, குடையக் கொஞ்சம் சாய்ச்சு வெக்கிறேன்.

— அண்ணே, உங்களைத்தான்.

— கொத்தா வந்துச்சு, நல்ல படம். அத்தனையும் முதல் பக்கத்துக்குப் போகுற தரம். என் வாழ்க்கையிலேயே அன்னிக்கு மாதிரி ஃபிளாஷ் எனக்கு அடங்குனதில்ல.

— அப்புறம் ஏன்?

— கண்ணு தெளிவா விழுந்திருக்கான்னு பாக்க எப்பவும் படத்தைப் பெரிசு பண்ணிப் பாப்பேன். அது பழக்கம். பியரினாவைப் பாத்தேன், சரியா இருந்துச்சு. பக்கத்துல உன்னைப் பாத்தேன். நீ பவுடர் போட்டிருந்த.

— நிறையப் போட்டிருந்தேன்.

— நேருல பாக்குறவனுக்குத் தெரிஞ்சிருக்காது. ஃபிளாஷ் பவுடரை ஏத்துக்காது தங்கச்சி. கண்ணுக்குக் கீழ மஞ்சளாத் தெரிஞ்சுது, அடிபட்டுக் கன்னிப்போன இடம் ஆறுற நேரத்து மஞ்சள். சரி, எங்கயாவது இடிச்சிருப்பான்னு விட்டிருப்பேன். அடுத்த படத்தைத் தள்ளுனேன், அதுக்கடுத்ததைத் தள்ளுனேன். ஒண்ணுல கூட நீ என் கேமராவைப் பாக்கல. எனக்குப் பின்னால நிக்குற ஆளுங்களைத்தான் பாத்துக்கிட்டு இருந்த. ஒவ்வொரு படத்துலயும் வேற வேற ஆளை. அப்பத்தான் நீ கேட்டுகிட்ட கை ஆட்டுனது ஞாபகம் வந்துச்சு. படம் கேக்குறவ அப்படி ஆட்டமாட்டா.

— அதை மட்டும் வெச்சுக்கிட்டா?

— தப்பாக்கூட இருந்திருக்கலாம். நீ வீட்டுல சொல்லாம ஆட்டம் பாக்க வந்தவளா இருந்திருக்கலாம். ஆனா தப்பா நெனச்சு மறைச்சா எனக்கு ஒரு திட்டோட போயிடும். தப்பா நெனச்சுக் காட்டிட்டா? அதான் அந்த ஒத்தைப் படத்தை மட்டும் அனுப்பிட்டு, மத்தது எல்லாம் வீணாப் போச்சு, கார்டு கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டேன்.

— பியரினாவை மட்டும் தனியா எடுத்தது இல்லையா?

— கேட்டாரு ஆசிரியரு. ஜெயிச்சுட்டுத் தனியா நின்னப்ப அவ சிரிக்கல, அதனால எடுக்கல. நீ பக்கத்துல வந்தப்பத்தான் சிரிச்சா. அச்சுக்குப் போகுற நேரம், வேற வழியில்லாம இதையே போட்டாங்க.

— வேலையும் அதுனாலதான் போச்சா?

— அதெல்லாம் இல்ல. அந்த வருஷம் நிறையப் பேரை அனுப்புனாங்க. யாரை அனுப்பலாம்னு யோசிக்கிறப்ப பாதி வெளிச்சம்னு ஒரு பேரு மனசுல முதல்ல வந்திருக்கும், அவ்வளவுதான். நீ முகத்தைத் தொங்கப்போடாத. இங்க வேலை நல்லா இருக்கு. பத்திரிகையில தீப்பிடிச்ச வீடு, கவுந்த பஸ்ஸுன்னு எடுத்தேன். இங்க என்கிட்ட வர்ற எல்லாரும் சிரிச்சுக்கிட்டுத்தான் வர்றாங்க.

— நான் அது தானா நடந்துச்சுன்னுதான் இத்தனை வருஷம் நெனச்சுக்கிட்டு இருந்தேன் அண்ணே. கேமரா கெட்டுப்போனதுக்குக் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கிட்டு இருந்தேன். சுவத்துல அந்தப் படத்தைப் பாத்த அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, அந்த ஊர்ல எனக்குன்னு ஒருத்தரு இருந்திருக்காருன்னு. பேரு தெரியாம, முகம் தெரியாம. அளவெடுக்குற டேப்பைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன். பியரினா, என்னடி என் இடுப்பு அவ்வளவு பெருத்துருச்சான்னு கேக்குறா.

— சிரிச்சிட்ட பாத்தியா. அப்படியே இரு. ஒண்ணு எடுத்துட்டேன்.

— இதைப் பிடிங்க முதல்ல. உங்களுக்குன்னு தைச்சது. கையில்லாத கோட்டு. நல்ல கெட்டித் துணி, உப்புக்காத்து ஒண்ணும் பண்ணாது. உள்பக்கம் பேட்டரிக்குத் தனிப் பை வெச்சிருக்கேன்.

— இவ்வளவு பையா? ஒரு குடும்பத்தையே வெச்சுக்கலாம் போல. எனக்கு இப்படியெல்லாம் யாரும் குடுத்ததில்ல தங்கச்சி.

— போட்டுப் பாருங்க. தோள் சரியா இருக்கா? பியரினா சொன்ன அளவுக்குக் குத்துமதிப்பாத் தைச்சேன்.

— சரியா இருக்கு. ரொம்பச் சரியா இருக்கு. கொஞ்சம் இரு, கண்ணுல மணல் விழுந்துருச்சு.

— காத்தே இல்லையே.

— நீ பேசாம உக்காரு. ஆமா, இப்ப எதுக்குப் படம்? இத்தனை வருஷம் ஒளிஞ்சிருந்தவ, வெயில்ல வந்து உக்காந்து முகத்தை எடுங்கங்குற.

— கடைக்குப் பெயர்ப்பலகை வெக்கப் போறேன். அதுல என் முகம் இருக்கணும், பெரிசா. ராமிரோ இப்ப ஜெயில்ல இருக்கான். கேஸு போட்டேன். எல்வா வந்து சாட்சி சொன்னா, அண்ணனுக்கு எதிராவே. தீர்ப்பு வந்துருச்சு. இனி தெருவுல போறவன் வர்றவன் எல்லாம் என் மூஞ்சியப் பாத்துட்டுப் போகட்டும்.

— அப்ப ஒரு கீற்று நிழல்கூட விழாம எடுத்துத் தர்றேன். உன்கூட இந்தப் பலகையில உக்கார வேற யாராவது வர்றாங்களா? அந்த மீன்கடைப் பக்கமிருந்து ஒரு அம்மா உன்னையே பாத்துக்கிட்டு வர்றாங்க.

— என் அம்மா. தோமித்திலா. எலுமிச்சையில ஊறுன மீன் செவிச்சே சாப்பிட உக்காந்தவங்களை எழுப்ப முடியல, அதான் நான் முன்னாடி வந்துட்டேன். ம்மா, இங்க வாங்க. இவருதான்.

— ஏ நெலிடா, அந்தக் கடைக்காரி எலுமிச்சம்பழத்தைக் கண்ணுல காட்டுனதோட சரி, பிழியவே இல்ல. மீனு அப்படியே நீந்துது. இவரா? இவருதானா அது?

— வாங்கம்மா. நிழலுக்கு வாங்க.

— நீ என்ன தம்பி இவ்வளவு ஒல்லியா இருக்க. சாப்பிட்டியா?

— ஆச்சும்மா.

— ஆகல, முகத்தைப் பாத்தாலே தெரியுது. இந்தா, வறுத்த சோளமாவது தின்னு. நான் அயபாக்கா மலையிலருந்து வர்றேன். என் மவளை எனக்குத் திருப்பிக் குடுத்தவனைப் பாக்கணும்னு இவகிட்ட நச்சரிச்சு நச்சரிச்சு இன்னிக்குத்தான் கூட்டிக்கிட்டு வந்தா.

— திருப்பிக் குடுத்தது நான் இல்லம்மா. நான் மறைச்சுத்தான் வெச்சேன்.

— என்னா சொல்ற நீ? நெலிடா, இவருக்கு இன்னும் நீ சொல்லலையா?

— நீங்களே சொல்லட்டும்னு விட்டுட்டேன் ம்மா.

— கேளு தம்பி. அந்தப் பாவி எங்க வீட்டுக்கு வந்து, உம்ம மவ ஒரு லாரி டிரைவரோட எக்வடோர் எல்லையத் தாண்டி ஓடிட்டான்னு சொன்னான். நான் நம்பல. ஆனா இவளும் ஒரு சேதி அனுப்பல.

— எப்படி அனுப்புறது? அம்மா வீட்டைச் சுத்தி ஆள் போட்டிருந்தான் அண்ணே. அம்மா போனுக்கு யாரு பேசுறாங்கன்னுகூட அவனுக்குத் தெரியும். நான் பேசுனா ஊரைக் கண்டுபிடிச்சிருவான்.

— எனக்கு அது தெரியுமா? ஒரு வருஷம் முழுக்கக் காத்துக் கிடந்தேன். அப்புறம் மனசு கெட்டதைத்தான் நெனைக்கும். கோயிலுக்குப் போவேன். உசுரோட இருக்குறவங்களுக்கு ஒரு பக்கம் மெழுகுவத்தி ஏத்தணும், போய்ச் சேந்தவங்களுக்கு வேற பக்கம். எந்தப் பக்கம் ஏத்துறதுன்னு தெரியாம, மெழுகுவத்தியக் கையிலயே வெச்சுக்கிட்டு நின்னுட்டுத் திரும்பி வந்துருவேன். ஒரு நாள் சந்தையில மறுபடியும் வாங்குனேன். கடைக்காரன் பழைய பேப்பரைக் கிழிச்சுப் பொட்டலம் கட்டிக் குடுத்தான். கோயில் வாசல்ல உக்காந்து பிரிக்கிறேன், உள்ள ஒரு பொண்ணு சிரிக்குது. பக்கத்துல ஒரு தொப்பி, வெறும் இருட்டு.

— அந்தப் படம். அயபாக்காவுலயா?

— எங்க ஊருக்கு எல்லாம் பொட்டலமாத்தான் தம்பி வந்து சேரும்.

— ஆனா முகம் தெரியாதேம்மா. எத்தனையோ பொம்பளைங்க அந்தத் தொப்பி போடுறாங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

— அவ கை.

— என்ன கை?

— அந்தச் சிரிக்கிற பொண்ணு காதுகிட்ட பூ குத்துதே, அந்தக் கை. காட்டு நெலிடா. இந்தச் சுண்டுவிரலைப் பாரு தம்பி. அரைக்கிற கல்லு விழுந்து ஒடிஞ்சுது, அப்ப இவளுக்கு நடக்கத் தெரியும், பேச்சு வரல. நான்தான் நாணல் குச்சி வெச்சுக் கட்டுனேன். எனக்கு என்னா தெரியும், கோணலாவே கூடிருச்சு. ஊசி பிடிச்சாலும், கரண்டி பிடிச்சாலும் அந்த விரல் மட்டும் குருவி வாலு மாதிரித் தூக்கிக்கிட்டு நிக்கும். அந்தப் பேப்பர்ல நின்னுச்சு. பளிச்சுன்னு, வெளிச்சத்துல.

— இருங்கம்மா. கொஞ்சம் இருங்க. கை வெளிச்சத்துலயா இருந்துச்சு?

— முழங்கையிலருந்து இந்தப் பக்கம் பூரா வெளிச்சம் அண்ணே. முகம் அந்தப் பாதியில, கை இந்தப் பாதியில.

— நான் பாக்கவே இல்ல தங்கச்சி. சத்தியமாப் பாக்கல. முகம் மறைஞ்சிருச்சான்னு மட்டும்தான் திரும்பத் திரும்பப் பாத்தேன். கையப் பாத்திருந்தா வெட்டி எறிஞ்சிருப்பேன். ஓரமாக் கொஞ்சம் வெட்டுறதுக்கு என்ன ஆகும்? யோசிக்காம வெட்டியிருப்பேன்.

— தெரியும் அண்ணே. அதுனாலதான் நேருல வந்து சொல்லணும்னு இருந்துச்சு. நீங்க எனக்காகப் பண்ணுனது ஒண்ணு. உங்களுக்கே தெரியாம எனக்குக் கிடைச்சது ஒண்ணு. ரெண்டுக்கும் சேத்துத்தான் அந்தக் கோட்டு.

— பேப்பர்ல அந்த ஆட்டக்காரப் பொண்ணு பேரு போட்டிருந்துச்சு தம்பி. சந்தைக்குப் போற மாதிரிக் கிளம்பி, கோழி ரெண்டை வித்துட்டு அப்படியே பஸ் ஏறுனேன். பாவாடை தைக்கக் குடுக்கணும், உனக்குத் தைச்சது யாருன்னு அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டேன். எனக்கு இந்த வயசுல என்னா ஆட்டம்னு அது நெனச்சிருக்கும். ஒண்ணும் கேக்காம வழி சொல்லிருச்சு.

— நான் குனிஞ்சு விளிம்பு அடிச்சுக்கிட்டு இருந்தேன் அண்ணே. யாரோ வாசல்ல நிக்குறாங்கன்னு நிமிரல. என் பேரைக்கூடச் சொல்லல இவங்க. நேரா வந்து மிஷின் மேல இருந்த கையப் பிடிச்சாங்க. விரலை ஒரு தடவை தடவிப் பாத்தாங்க. அப்புறம்தான் முகத்தைப் பாத்தாங்க.

— முகத்துக்கு என்னா அவசரம்? அதான் கையிலயே தெரிஞ்சுபோச்சே.

— அது சரிம்மா. நீங்க பாத்த அதே தாளு சுயானாவுக்கும் போயிருக்கும்ல. ராமிரோ கையில கிடைச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?

— கிடைச்சுது அண்ணே.

— என்ன சொல்ற?

— எல்வா கோர்ட்டுக்கு வந்தப்ப சொன்னா. த்ருஹியோவுல ஆட்டம் பாக்கப் போன அவன் கூட்டாளி ஒருத்தன், உன் பொண்டாட்டி மாதிரி ஒருத்தியப் பாத்தேன்னு சொல்லியிருக்கான். உடனே ராமிரோ பேப்பரை வாங்கிட்டு வந்து சாப்பாட்டு மேசையில விரிச்சுட்டான். பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தானாம், விளக்குக்கு நேராப் பிடிச்சுப் பாத்தானாம். அந்த இருட்டுக்குள்ளயே துழாவிக்கிட்டு இருந்தானாம். எல்வா அடுப்படியிலருந்து பாத்துக்கிட்டே இருந்தாளாம். கடைசியில, இது எவளோன்னு மடிச்சு எறிஞ்சுட்டு, சோறு போடுன்னு உக்காந்துட்டானாம்.

— கை அங்கதானே இருந்திருக்கும்? அவ்வளவு வெளிச்சத்துல?

— அங்கயேதான் தம்பி இருந்துச்சு. ஏழு வருஷம் அந்தக் கை போட்ட சோத்தைத்தான் அவன் தின்னான், ஒரு நாளும் கையப் பாத்ததில்ல.